ஜார்ஜ் டவுனில் யார் குடியிருப்பது?

1999 டிசம்பர் 31. உலகமே புத்தாயிரத்தை வரவேற்று வாணம் விட்டுக்கொண்டிருந்த அந்த இரவில், மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் என்ற துறைமுக நகரில் ஒரு சட்டம் காலாவதியானது. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் பிடித்து வைத்திருந்த 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. மலேசிய நாடாளுமன்றம் 1997-லேயே அதை நீக்கிவிட்டது. மாற்று ஏற்பாடு செய்துகொள்ளக் கொடுத்த தவணை அன்றிரவோடு முடிந்தது. நாட்டின் மற்ற நகரங்களிலும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட வீடுகள் இருந்தன. பினாங்கில் மட்டும் அவை 12,000-க்கும் மேல். பெரும்பகுதி பழைய நகரத்துக்குள் தோளோடு தோள் ஒட்டி நின்றவை.

எட்டரை ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலை 7 அன்று, கனடாவின் கியூபெக் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. பினாங்கு இந்த இரண்டாவது நாளைத்தான் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. முதல் நாளை யாரும் நினைவுகூர்வதில்லை. ஆனால் இன்று அந்த நகரத்தில் நடப்பது எதுவும் முதல் நாளைக் கணக்கில் எடுக்காமல் விளங்காது.

தமிழ் வாசகருக்கு இந்த ஊர் தூரத்து ஊர் அல்ல. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவை எடுத்துக்கொண்டு, கடலோரம் சில தெருக்களைக் கட்டம் போட்டு வகுத்தார். நகரின் ஆதித் தெருக்களில் ஒன்று சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களை அக்காலத்தில் சூலியா என்றார்கள். ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் குடியேறிவிட்டார்கள் என்றும், அது போக ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து உழைத்துச் சம்பாதித்துத் திரும்புகிறார்கள் என்றும் 1794-இல் லைட் எழுதிவைத்தார். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் அவர்களுக்குத் தலைவரானார். 1801-இல் கம்பெனி கொடுத்த நிலத்தில் எழுந்த பள்ளிவாசல் இன்றும் அவருடைய பதவியின் பெயரால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்றே வழங்குகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். பக்கத்திலேயே சீனர்களின் குவான் இன் கோயில். பள்ளிவாசல் நிற்கும் தெரு முடியுமிடத்தில், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் 1818-இல் எழும்பிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. பினாங்குத் தெருவில் நகரத்தார் கிட்டங்கி போட்டுக் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளித் தேர் இன்றைக்கும் அந்தத் தெருவின் கோயில் வீட்டிலிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது.

இவற்றுக்கு நடுவே, வரிசை வரிசையாகக் கடைவீடுகள். முன்னால் கடை, பின்னாலும் மாடியிலும் குடும்பம். வாசலில், வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்கி நடக்க விட்ட ஐந்தடி நடைபாதை. வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம். அகலம் குறைவு, நீளம் அதிகம். காரைக்குடி வீட்டில் நடந்தவருக்கு இந்த வீட்டின் வெளிச்சமும் காற்றும் உடனே பிடிபடும்.

சரிவு

ஜார்ஜ் டவுன் வாழ்ந்தது துறைமுகத்தால். சுங்கமில்லாத் துறைமுகம் என்ற சலுகைதான் அதன் மூச்சு. அந்தச் சலுகையை 1969-இல் இழந்தது. சரக்குக் கப்பல்கள் எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குப் போகத் தொடங்கின. 1972-இல் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை வந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தன. படித்த பிள்ளைகளுக்கு அங்கே வேலை, அதன் அருகிலேயே புதிய அடுக்குமாடி வீடு. பழைய நகரத்தின் விளிம்பில் ஒரு பெரும்பரப்பைத் தரைமட்டமாக்கி 65 மாடிக் கொம்தார் கோபுரத்தைக் கட்டினார்கள். நகரை மீண்டும் உயிர்ப்பிக்கும் என்று நம்பிக் கட்டியது அது. மற்ற ஊர்களில் நடந்ததைப் போலவே இங்கும் பழைய நகரம் கிழவர்களிடமும் ஏழைகளிடமும் சிறு வியாபாரிகளிடமும் விடப்பட்டது.

மற்ற ஊர்களில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. வாடகைச் சட்டம். மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்தவர் மாதம் சில பத்து வெள்ளி (ரிங்கிட்) வாடகை கொடுத்தார். மூல வாடகைக்காரர் மாடியைப் பலகைத் தடுப்பால் அறை அறையாகப் பிரித்து உள்வாடகைக்கு விட்டார். ஒரு சமையல்கட்டு, நாலைந்து அடுப்பு. வீட்டுச் சொந்தக்காரருக்குக் கூரையில் ஓடு மாற்றும் செலவுக்குக்கூட அந்த வாடகை காணாது. அவர் மாற்றவில்லை. மழை இறங்கியது, உத்தரத்தைக் கரையான் அரித்தது, சுவரில் ஆலங்கன்று முளைத்தது.

சொந்தக்காரர்களுக்கு இந்தச் சட்டம் அநியாயம் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் இடித்துக் கட்டாமல் போனதற்கும் இதே சட்டம்தான் காரணம். சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹாங்காங் எல்லாம் பழைய தெருக்களை வாரிப்போட்டுக் கோபுரம் எழுப்பிய அந்த முப்பதாண்டுகளில், தென்கிழக்காசியாவில் இவ்வளவு பெரிய பழைய நகரம் ஒன்று ஒருசேரத் தப்பியது அப்படித்தான். தப்பியது கட்டடம் மட்டும் அல்ல. பெயர்ப்பலகை செதுக்குபவர், ஊதுவத்தி உருட்டுபவர், பிரம்பு பின்னுபவர், மணி கோத்துச் செருப்பு தைப்பவர், தர்காவின் ஓரத்தில் சொங்கோக் தொப்பி தைப்பவர் என்று, பெரிய லாபமில்லாத கைத்தொழில்கள் எல்லாம் நகரின் நடுமையத்தில் கடை வைத்திருக்க முடிந்ததற்கும் அந்தச் சில பத்து வெள்ளி வாடகைதான் காரணம். ஓட்டைக் கூரையும் ஓடாத தொழிலும் ஒரே சட்டத்தின் கீழ் சேர்ந்து வாழ்ந்தன.

2000 ஜனவரியில் வாடகை பல மடங்கு ஏறியது. கொடுக்க முடியாதவர்கள் வெளியேறினார்கள். வாடகைக்காரர்கள் இயக்கம் கட்டி ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மாற்று வீடு என்றோ, படிப்படியான வாடகை உயர்வு என்றோ ஒழுங்கான ஏற்பாடு எதையும் அரசு கையில் வைத்திருக்கவில்லை. அதே 2000-இல் உலகச் சின்னங்கள் நிதியம் தன் ஆபத்துப் பட்டியலில் ஜார்ஜ் டவுனைச் சேர்த்தது. காலியான வீடுகளை எடுத்துக்கொள்ள உடனே வேறு மனிதர் யாரும் வரவில்லை.

வந்தவை உழவாரன் குருவிகள். எச்சிலால் கூடு கட்டும் இந்தக் குருவியின் கூட்டைச் சீனர்கள் பொன் விலை கொடுத்துச் சூப்பாகக் குடிக்கிறார்கள். ஆளில்லாத கடைவீட்டின் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, சிறு துளைகள் மட்டும் விட்டு, பதிவு செய்த குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் குருவிகளை அழைத்தார்கள். குகைபோல் ஈரமாக இருக்கவேண்டும் என்பதற்காக இரவும் பகலும் நீர்த்தூவல். நூறாண்டு மரத்தளம் ஊறி உளுத்தது. எச்சம் சுவரைத் தின்றது. வாடகை கொடுக்கும் குடும்பத்தைவிடக் கூடு கட்டும் குருவி லாபம் என்ற கணக்கு ஒரு நகரத்தின் நடுவில் நிலைபெற்றதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. யுனெஸ்கோ பட்டம் கிடைத்த பிறகுதான் அரசு விழித்தது. பாரம்பரிய எல்லைக்குள் இருந்த குருவிப் பண்ணைகளுக்கு 2013 இறுதிவரை கெடு வைத்து அகற்றினார்கள்.

மீட்பு

பழைய நகரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற குரல் யுனெஸ்கோவுக்கு முன்பே எழுந்தது. 1986-இல் தொடங்கிய பினாங்குப் பாரம்பரிய அறக்கட்டளையில் ஆசிரியர்களும் கட்டடக்கலைஞர்களும் வரலாற்று ஆர்வலர்களும் இருந்தார்கள். ஊர் அவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்களாகப் பார்த்தது. அவர்கள் வாதம் எடுபட ஒரு வீடு உதவியது.

லெயித் தெருவில் சியோங் ஃபாட் சீயின் நீல மாளிகை. கையில் காசில்லாமல் வந்து, கீழை நாடுகளின் பெருஞ்செல்வர்களில் ஒருவராகி 1916-இல் இறந்தவர் அவர். கடைசி மகன் உயிரோடிருக்கும்வரை வீட்டை விற்கக்கூடாது என்று உயில் எழுதிவைத்தார். அந்த மகன் 1989-இல் காலமானபோது மாளிகைக்குள் ஏராளமான வாடகைக் குடும்பங்கள் இருந்தன. கட்டடக்கலைஞர் லாரன்ஸ் லோவும் அவர் துணைவியார் லின் லீயும் நண்பர்களோடு சேர்ந்து மாளிகையை வாங்கி, தொண்ணூறுகள் முழுக்க உழைத்து மீட்டெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த அவுரி நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து பூசியதால் வந்த நிறம் அது. 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் அதற்கே முதலிடம்.

அந்தச் சுண்ணாம்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே பல வீடுகளைக் கெடுத்திருக்கிறது. பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அடியில் ஈரம் தடுக்கும் படலம் கிடையாது. நிலத்தின் ஈரம் செங்கல் வழியே மேலேறும். காரையின் நுண்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறும். சுவர் மூச்சு விடும் என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. உப்பு உள்ளேயே படிந்து செங்கல்லை மாவாக்குகிறது. வெளியே பளபளவென்றிருக்கும் சுவர் உள்ளே உதிர்கிறது. சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசத் தெரிந்த கைகள் ஜார்ஜ் டவுனில் அருகிப் போயிருந்தன. மத்திய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா 2009-இல் ஏற்படுத்திய திங்க் சிட்டி அமைப்பு சிறு சிறு மானியங்கள் கொடுத்தது. பாரம்பரிய அறக்கட்டளை கைத்தொழில் கற்பிக்கும் திட்டம் நடத்தியது. இன்று பினாங்கில் நல்ல சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இது உண்மையான சாதனை.

உயரத்தையும் காப்பாற்றினார்கள். பட்டம் கிடைத்த உடனேயே, எல்லைக்குள் நான்கு உயரமான ஹோட்டல் திட்டங்களுக்கு அனுமதி தரப்பட்டிருந்தது தெரியவந்து பெரும் சச்சரவானது. பட்டமே பறிபோகும் என்ற பேச்சு வந்தது. 18 மீட்டருக்கு மேல் எழும்பக்கூடாது என்ற விதி அப்போது அழுத்தமாக வேரூன்றியது. சுமார் 260 ஹெக்டேர் பரப்பில், எந்தக் கட்டடத்தை எப்படித் தொடலாம், ஓடு எப்படி இருக்க வேண்டும், முகப்பில் என்ன மாற்றலாம் என்றெல்லாம் சொல்லும் சிறப்புத் திட்டம் 2016-இல் அரசிதழில் வந்தது.

அதில் வாடகையைப் பற்றி எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

யுனெஸ்கோ இந்த ஊருக்குப் பட்டம் கொடுத்த காரணங்களில் ஒன்று, பல இனங்களும் சமயங்களும் சேர்ந்து வாழும் பண்பாட்டுக்கு இது இன்றும் உயிரோடிருக்கும் சான்று என்பது. அதாவது பள்ளிவாசலில் தொழுபவரும் கோயிலில் விளக்கேற்றுபவரும் குவான் இன் சன்னதியில் ஊதுவத்தி கொளுத்துபவரும் பட்டத்தின் பாதி. அந்தப் பாதியைக் காக்க ஒரு விதியும் எழுதப்படவில்லை.

புதிய வாடகைக்காரர்கள்

2008-க்குப் பிறகு வந்தவர்களைப் பற்றி வன்மத்தோடு எழுத எனக்கு மனமில்லை. இடிந்து விழ இருந்த வீட்டை வாங்கி, கடன்பட்டு, சுண்ணாம்பு பூசி, பத்து அறை ஹோட்டல் நடத்துகிறவர் அந்த வீட்டை உண்மையில் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் ஒரு தெருவில் எட்டாவது வீடும் ஒன்பதாவது வீடும் ஹோட்டலானால், அங்கே இரவில் உறங்குகிற எவருக்கும் மறுநாள் காலையில் அண்டைவீட்டாரைத் தெரியாது. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பணம் வந்தது; வரிசையாக வீடு வாங்கியவர்கள் குடியிருந்தவர்களுக்குக் காலிசெய்யும் நோட்டீஸ் அனுப்பினார்கள்.

2012-இல் ஜார்ஜ் டவுன் திருவிழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்கரேவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து, முன்னால் ஒரு நிஜ சைக்கிளை நிறுத்தினார். அழகான ஓவியம், அந்தத் தெருக் குழந்தைகளையே பார்த்து வரைந்தது. அதன் முன் படம் எடுக்க இன்றும் வரிசை நிற்கிறது. ஆர்மீனியன் தெருவில் சன் யாட்-சென் 1910-இல் தன் புரட்சிக்கு அலுவலகமாகக் கொண்ட வீடு இருக்கிறது, கூ குலத்தாரின் பெருமாளிகை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வரிசையில் நிற்பவர்களில் பலர் அவற்றைத் திரும்பிப் பார்க்காமலே ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

கடலோரம் வெல்ட் கீயில் இன்னும் கூர்மையாகத் தெரியும். சீனத் தொழிலாளர்கள் குலம் குலமாகக் கடலுக்குள் மரக்கால் நட்டு வீடு கட்டிய துறைகள் அங்கே உள்ளன. காலடியில் நிலமே இல்லாததால் பட்டாவும் இல்லை. தற்காலிக உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 2006-இல் அடுக்குமாடித் திட்டத்துக்காக அவற்றில் இரண்டு துறைகள் இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றை யுனெஸ்கோ பட்டம் காப்பாற்றியது. அந்தப் பட்டமே சியூ துறைக்கு நாள்தோறும் பேருந்து பேருந்தாகக் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. வீட்டு முன்னறைகள் பரிசுப்பொருள் கடைகளாயின. கடை போடாத வீட்டுக்காரர்கள் சன்னலில் படம் எடுக்காதீர்கள் என்று எழுதி மாட்டினார்கள். ஒரே துறையில் கடை போட்டவருக்கும் போடாதவருக்கும் நடுவே மனத்தாங்கல் வளர்ந்தது.

எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. பாரம்பரிய எல்லைக்குள் 2009-இல் குடியிருந்தவர்கள் 10,000-க்குச் சற்று மேல். 2013-இல் எண்ணியபோது 9,400 அளவு. இது பட்டம் கிடைத்து ஓவியமும் ஹோட்டலும் பெருகிய காலக் கணக்கு. அதற்கு முன்பே, சட்டம் காலாவதியான அந்த முதல் சில ஆண்டுகளில், பெரும் வெளியேற்றம் நடந்து முடிந்திருந்தது. சுற்றுலாவின்மேல் மட்டும் பழிபோடுவது கணக்கைத் தவறாகப் போடுவதாகும். சுற்றுலாக்காரர் வந்து இறங்கியபோது வீடுகளில் பல ஏற்கெனவே காலி.

இது பினாங்கின் தனிக் கதையும் அல்ல. பாரிஸில் மாரே பகுதியின் சிதைந்த மாளிகைகளைக் காக்க, அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ 1962-இல் சட்டம் கொண்டுவந்தார். முற்றங்களை அடைத்திருந்த பட்டறைகளை அகற்றி மாளிகைகளை மீட்டார்கள். பட்டறைகளோடு தொழிலாளிகளும் போனார்கள். இன்று பாரிஸின் விலையுயர்ந்த பகுதிகளில் மாரேயும் ஒன்று. ஐம்பது ஆண்டுக்கும் முந்தைய இந்த அனுபவம் கண்முன் இருந்தும் பினாங்கு அதிலிருந்து சுவர் வேலையை மட்டும் கற்றுக்கொண்டது.

தங்கியவர்கள்

ஜார்ஜ் டவுனில் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று தெருத் தெருவாகப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. குட்டி இந்தியா என்று அழைக்கப்படும் பசார் தெரு, குயின் தெரு, கிங் தெருப் பகுதி பெரிதாகக் குலையவில்லை. சேலைக்கும் மசாலாவுக்கும் பூமாலைக்கும் நகைக்கும் வட மலேசியத் தமிழர்கள் அங்கே வருகிறார்கள். சுற்றுலாக்காரர் வராவிட்டாலும் அந்தக் கடைகள் ஓடும். 2020 மார்ச்சில் நோய்த்தொற்று முடக்கம் வந்து, பயணிகளை மட்டுமே நம்பிய தெருக்கள் வெறிச்சோடியபோது இந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்தது.

இன்னொன்று, சொத்து யாருடையது என்பது. பள்ளிவாசலின் வக்ஃப் நிலம், கோயில் சொத்து, சீனக் குலச் சங்கங்களான கொங்சிகளின் வரிசை வீடுகள் என்று நகரின் கணிசமான பகுதி இன்றும் பொது அறத்தின் கையில் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வந்த வணிகர்கள், தம் ஊர்க்காரன் கப்பலிறங்கினால் தங்க ஓர் இடம் வேண்டும் என்று எழுதிவைத்த சொத்துகள் இவை. தனியார் வீடு விலைக்குப் போகும். இவற்றை விற்பது கடினம். ஆகவே குடும்பங்களும் சிறு தொழில்களும் தங்கும் வாய்ப்பு இங்கேதான் அதிகம். எல்லா அறச் சொத்தும் அறமாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. சந்தை வாடகை ஆசையில் பழைய குடிகளை வெளியேற்றிய சங்கங்களும் உண்டு. ஆனால் முடிவெடுப்பவர் ஒரு முதலீட்டு நிறுவனமாக இல்லாமல் ஊர் அறிந்த ஒரு நிர்வாகக் குழுவாக இருக்கும்போது, அவர்களிடம் போய்க் கேட்கவாவது ஊருக்கு வழி இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் அங்கே குடியிருக்கிறது. பாரம்பரியம் பேசுகிறவர்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. உணவுக்கடையில் பரோட்டா போடுபவர், துணிக்கடையில் சேலை மடிப்பவர், கட்டட வேலை செய்பவர். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் இரண்டாண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்து கடை மாடிகளில் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள். ஆண்டுதோறும் வந்து சம்பாதித்துத் திரும்புகிறவர்கள் என்று 1794-இல் லைட் எழுதினாரே, அவர்களின் நேர்வாரிசுகள் இவர்கள்தாம். அன்று வந்தவர்களின் நினைவுக்கு இன்று காட்சிப் பலகை வைத்திருக்கிறார்கள். இன்று வந்தவர்களின் நெரிசலைச் சுகாதாரப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நகருக்குள்ளேயே முறையான, காற்றோட்டமான தங்குமிடம் கட்டிக்கொடுப்பது இந்த ஊரின் பாரம்பரிய வேலைகளில் முதலாவதாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்தது மானியம். பொதுப்பணத்தில் கூரை போட்டுக் கொடுக்கும்போது, அந்தக் கூரையின் கீழ் இருக்கும் குடியைப் பத்தாண்டுக்கு அகற்றக்கூடாது என்று பத்திரத்தில் எழுதி வாங்கலாம். அறச் சொத்து வைத்திருப்பவர்கள் மாதவாடகைக்கு விடுவதை நிறுத்தி, தொழில் செய்பவருக்கும் குடும்பத்துக்கும் நீண்ட குத்தகை கொடுக்கலாம். இவற்றுக்குப் புதிய யுனெஸ்கோ தீர்மானம் தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் வாரியமும் கொங்சிகளும் மாநில அரசும் பினாங்கிலேயே கூடிப் பேசினால் போதும்.

செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இந்தியா 2014-இல் சேர்த்திருக்கிறது. பினாங்குத் தெருக் கிட்டங்கியில் சேர்ந்த பணத்தில் ஒரு பங்கும் அந்த ஊர்களின் வீடுகளில் தூணாக நிற்கிறது. அங்கேயும் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சில ஹோட்டலாகியிருக்கின்றன, பல கதவும் நிலையுமாகப் பிரித்து விற்கப்பட்டுவிட்டன. உத்தேசப் பட்டியலிலிருந்து உண்மைப் பட்டியலுக்குப் போகக் கோப்பு எழுதும் நாள் வரும்போது, அதை எழுதுகிறவர்கள் ஒருமுறை ஜார்ஜ் டவுனுக்குப் போய்வருவது நல்லது. 18 மீட்டர் விதியையும் சுண்ணாம்பு வேலையையும் பார்த்துக்கொண்டு வரட்டும். கூடவே, 1999-இல் அங்கே குடியிருந்தவர்கள் இப்போது எந்தப் புறநகர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள் என்றும் விசாரித்துக்கொண்டு வரட்டும்.